மூன்றாம் குவியல்

“மார்ச் 8, ஞாயிறு. புதன்கிழமைப் பதிவில் ஒரு பிழை. அப்பா இறந்தது மூன்று இருபதுக்கு அல்ல, மூன்று பத்துக்கு. எங்கள் சமையலறைக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுவதைக் கழிக்க மறந்துவிட்டேன்.”

காபி மேசைக்கு அருகில் நின்றபடி செவரின் இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக். பீங்கானை நகத்தால் தட்டியது போல.

நிமிர்ந்து பார்த்தாள். ஊர்க்கூடத்தின் நடுவில் இரண்டு முக்காலிகளின் மேல் அப்பா யோக்குமின் பெட்டி. பக்கத்தில் அம்மா. சுற்றிலும் பெஞ்சுகளில் நாற்பது பேர். கூடத்தைக் கட்டி முடிப்பதற்குள் குளிர்காலம் வந்துவிட்டதால் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். இன்று அப்பாவுக்காகத் திறந்து, காலையிலிருந்து மூன்று ஹீட்டர்கள் எரிந்துகொண்டிருந்தன.

டக். வடக்குச் சுவர்.

அது அப்பா கட்டிய கடைசிச் சுவர். மூடிப்போன சுரங்கம் கடற்கரையில் விட்டுப்போன கழிவைச் சிமெண்டோடு குழைத்து அவரே வார்த்த கற்கள். கிரீன்லாந்தின் இந்த மூலைக்குக் கப்பலில் செங்கல் வந்து சேர்வதற்குள் கோடை முடிந்துவிடும். எந்தக் குவியலிலிருந்து கழிவை எடுப்பது என்று பார்ப்பது செவரினின் வேலை. கட்டுமானப் பொருள்கள் பற்றிய மாலை வகுப்புக்குப் போகிறவள் அவள்தான். இரண்டாம் குவியல் நல்லது. மூன்றாவதில் மினுக்குப் பொடி அதிகம். ஈரம் பட்டால் கல் உள்ளுக்குள் ஊதிப் பிளந்துவிடும்.

நோட்டைப் பின்னால் புரட்டினாள். செப்டம்பர் 24. “இரண்டாம் குவியலிலிருந்து ஆறு வண்டி. பனி விழுந்துவிட்டது, குவியல் கம்பத்தில் எண் தெரியவில்லை. கரையிலிருந்து எண்ணினேன். இரண்டு என்றே நினைக்கிறேன்.”

அன்று இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருந்தாள். முதல் வரியை மட்டும்.

“நீ எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் மண்வெட்டியை எடுத்தார்.

காபிக் கரண்டியோடு சுவரருகே போனாள். கல்லிடுக்கில் துருநிற நீர் கசிந்தது. கரண்டியால் சுரண்டியதும் கல் ரஸ்க் போல உதிர்ந்தது. உள்ளங்கையில் விழுந்த தூள் மினுங்கியது. குளிர்காலம் முழுக்க உறைந்த நீர்தான் இந்தச் சுவரைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. இப்போது அதை உருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏனோக் சித்தப்பா நான்காவது ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“சித்தப்பா, அதைப் போடாதீங்க. எல்லாரையும் வெளிய அனுப்பணும்.”

“வெளிய போக வேண்டியவன் ஒருத்தன்தான். அவனையும் கொஞ்ச நேரம் கதகதப்பா இருக்க விடு.”

“சுவர் நிக்காது.”

“உங்கப்பன் கட்டினதுடி. காதுல விழுந்தா எழுந்து வந்து உதைப்பான்.”

“கல்லு தப்பு சித்தப்பா. நான்தான்…”

அவர் மூக்கைச் சுருக்கினார். இந்த ஊரில் அதற்கு ‘வேண்டாம்’ என்று பொருள். “அண்ணனை அடக்கம் பண்ற அன்னைக்கா இதைப் பேசுவ?”

ஜெபம் நடத்த வந்திருந்த உபதேசியார் பாட்டைத் தொடங்கினார். செவரின் நோட்டின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணினாள். முதல் நிமிடத்தில் மூன்று சத்தம். அடுத்ததில் ஐந்து. அதற்கடுத்து ஒன்பது. வடக்குச் சுவரில் சாய்ந்தபடி இரண்டு பெண்கள், மடியில் குழந்தைகளோடு. அவர்களில் ஒருத்தியின் கோப்பையில் சில்லு ஒன்று விழுந்தது. அவள் விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, “இவங்க வீட்டுல சர்க்கரையும் கல்லுலதான் செய்றாங்களா?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். இருவரும் தோள் குலுங்கச் சிரிப்பை அடக்கினார்கள்.

செவரின் அம்மாவின் அருகில் போய் மண்டியிட்டாள்.

“அம்மா, அந்தச் சுவர் விழப்போகுது. தப்பு என்னோடது. வேற குவியல்லேருந்து எடுத்துட்டேன்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. சொல்லல.”

அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டின் ஒரு வரி முடிந்தது. சுவரில் இரண்டு டக்.

பிறகு எழுந்தாள். உபதேசியார் நிறுத்தினார்.

“யோக்குமுக்குப் புழுக்கம் ஆகாதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். மிச்சப் பாட்டை வெளிய பாடுவோம். காபியையும் எடுத்துக்குங்க.”

சிலர் சிரித்தார்கள். ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். செவரின் வாசலில் நின்று எண்ணினாள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. கடைசியில் கெட்டிலோடு சித்தப்பா. நாற்பது.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி உறைகுளிர். மூச்சு வெள்ளையாக எழும்ப, விட்ட இடத்திலிருந்து பாடினார்கள். மூன்றாவது வரியில், மாவு மூட்டையை இறக்கி வைத்தது போல உள்ளே ஒரு சத்தம். திறந்திருந்த கதவு வழியாகச் சாம்பல் நிறத் தூசி வந்து பனியில் படிந்தது.

குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. அம்மா மட்டும் அந்த அடியை முடித்தாள். பிறகு, செவரினைப் பார்க்காமலே, “இப்பச் சொல்லு” என்றாள். “எல்லார்கிட்டயும். முழுசா.”

சொன்னாள். யாரும் திட்டவில்லை. சித்தப்பா கெட்டிலைக் கீழே வைக்க மறந்து நின்றுகொண்டிருந்தார். பிறகு அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், குளிர்காலத்துக்கென்று ஆகஸ்டிலேயே தோண்டி வைத்திருந்த குழிகளில் ஒன்றில் இறக்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும், கையுறையைக் கழற்றிய கையோடு செவரின் எழுதினாள்:

“அதே ஆறு வண்டியில் வார்த்த கற்களில் மிச்சம் நூற்றிருபது, மழலையர் பள்ளி முன்னறைக்குப் போயிருக்கின்றன. இரண்டு முறை சரிபார்த்தேன். நாளை: பிள்ளைகள் வரும் முன், ஏழு மணிக்கு, முன்னறைக் கதவைப் பலகை அடித்து மூட வேண்டும். சித்தப்பா ஆணி கொண்டு வருகிறார்.”