வாய்விட்டுச் சொன்ன பெயர்

இன்றோடு அந்தப் பாட்டை யூட்யூபிலிருந்து எடுக்கச் சொல்லிவிட வேண்டும் என்று, மைக்கை வாங்கும்போதே அன்புச்செல்வி முடிவு செய்துவிட்டாள்.

தொண்டாமுத்தூரில், தோட்டத்துக்குள் வந்த யானை மிதித்து இறந்துபோன பொன்னுசாமியின் வாசல் அது. பந்தலுக்கடியில் அவளுடைய கொழுந்தன் கௌதமன் கீபோர்டுக்கு ஒயர் செருகிக்கொண்டிருந்தான். இழவு வீடுகளில் பாடும் குழு அவனுடையது. போன வருஷம் வரை ஈயோட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் மாரப்பன் செத்த அன்று அண்ணி அன்புச்செல்வி அழுதுகொண்டே பாடியதை யாரோ போனில் பிடித்திருந்தார்கள். கௌதமன் அதை யூட்யூபில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடிக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்று எழுதிவிட்டான். பிழைக்கத் தெரியாதவன் என்று மற்ற குழுக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே அதைப் பாடினார்கள். காரமடையிலிருந்து உக்கடம் வரை அந்தப் பாட்டு கேட்காத இழவு வீடு இல்லை என்றானது. பாடின அம்மாவையே கூட்டி வாருங்கள் என்று கௌதமனுக்குப் போன் வந்தது. குழுவில் நாலு குடும்பம் இப்போது வயிறாரச் சாப்பிடுகிறது.

அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து புருஷன் பெயரை அவள் சொன்னதேயில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்வார். பிணத்தின் முன்னால்தான் முதல்முறையாக 'மாரப்பா' என்று கூப்பிட்டாள். அந்தப் பெயரைப் பாட்டில் ஊரே கூப்பிட்டால் வயிறு எரியாதா?

"தம்பி, இன்னைக்குப் பாடிப்போடறேன். அப்பறம் அதை எடுத்துப்போடுங்க."

கௌதமனின் முகம் செத்துவிட்டது. "அது இருக்கப்போயித்தானுங்க நம்மளக் கூப்படறாங்க. உங்களுக்கு ஆகாதுன்னா எடுத்தர்றேனுங்க அண்ணி."

பெயர் வரும் இடத்தில் இறந்தவரின் பெயரை வைத்துப் பாடிவிடலாம் என்று நினைத்தாள். பொன்னுசாமியின் மனைவி காளியாத்தாளிடம் குனிந்தாள்.

"ஏனுங்க அம்மணி, பாட்டுல உங்க ஊட்டுக்காரரு பேரையே சொல்லிக் கூப்படட்டுங்களா?"

காளியாத்தாள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"அந்தப் பேரு என்ற வாயில வர மாட்டேங்குதுங்க அக்கா. காத்தால இருந்து போன்ல உங்க பாட்டத்தான் போட்டுட்டு உக்காந்திருக்கறேன். உங்கூட்டுக்காரரு பேரச் சொன்னாத்தானுங்க எனக்கு அழுகையே வருது. அதையே பாடுங்க."

அன்புச்செல்வி பாடத் தொடங்கினாள். பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டாள். பொன்னுசாமியின் காலைப் பிடித்தபடி காளியாத்தாள், "மாரப்பா" என்று கதறினாள். சுற்றியிருந்த பெண்களும் கூப்பிட்டார்கள்.

அன்புச்செல்வி அவர்களை விலக்கி நடுவே உட்கார்ந்தாள். மைக்கைக் காளியாத்தாளின் வாயருகே பிடித்தாள்.