வெளியூரில் படிக்கிறாள்

எங்கள் வீட்டில் படிப்பைப் பாதியில் விட்டவர் யாரும் கிடையாது. நான் நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். தம்பி மருந்துக்கடை வைத்திருந்தான். அவன் போன பிறகு அவன் மனைவியும் மகளும் என் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்பில் இருந்த அந்த மகளுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர்.

தம்பி மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. புரட்டிப் படுக்கவைக்க, துடைத்துவிட, ஊட்ட ஒரு ஆள் வேண்டும். என் மனைவிக்கு முழங்கால் வலி. என் மகள் வேலைக்குப் போகிறவள். சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம் என்றாள் மனைவி. "நம்ம வீட்டுப் பொம்பளைய வெளியாள் தொட்டுத் தூக்குறதா?" என்று மறுத்தது நான்தான். ஒரு வாரம் என்று வீட்டில் நின்ற வாயாடி, அப்படியே நின்றுவிட்டாள்.

முப்பதாம் நாள் வகுப்பு டீச்சர் ஒரு நீளமான நோட்டோடு வீட்டுக்கு வந்தார்.

"தொடர்ந்து முப்பது நாள் வரலைன்னா இடைநின்றவர் பட்டியல்ல பேர் ஏத்தணும் சார். மாசக் கடைசியில மேல அனுப்பிடுவோம்."

"அதை யாரெல்லாம் பார்ப்பாங்க?"

"ஆபீஸ்ல பார்ப்பாங்க. அப்புறம் தேடிக்கிட்டு வீட்டுக்கு ஆள் வரும்."

வீட்டுக்கு ஆள் வரும் என்றதும் தெரு முழுக்க எட்டிப் பார்ப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. "வேற வழி?"

டீச்சர் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேற ஸ்கூலுக்கு மாறிட்டாள்னு எழுதிக் குடுத்தா அது இடைநிற்றல்ல வராது. எங்க எச்.எம்.முக்கும் நிம்மதி."

பள்ளி வாசலில் 'இடைநிற்றல் இல்லாத பள்ளி' என்று அப்போதுதான் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். என் மைத்துனர் இருக்கும் ஊரின் பள்ளிக்கூடப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாற்றுச் சான்றிதழ் வந்தது. பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்தப் பள்ளியில் அவள் சேர்ந்தாளா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்துத் தம்பி மனைவி கண்ணை மூடினாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஓய்ந்த மறுநாள், வாயாடி பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினாள்.

"பெரியப்பா, ஸ்கூலுக்குப் போவோமா?"

போனோம். டீச்சர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். "நாங்க அனுப்பிட்டோம். அவங்க சேர்த்துக்கல. பாப்பா ரெண்டுக்கும் நடுவுல நிக்குது."

தலைமை ஆசிரியர் என்னை உட்காரச் சொன்னார். "இங்க மறுபடி சேர்க்கணும்னா அந்த ஸ்கூல் சர்டிபிகேட் வேணும். இல்லைன்னா அன்னைக்கு எழுதினது பொய்னு நீங்க எழுதிக் குடுக்கணும். நாங்க அனுப்பின அறிக்கையும் பொய்னு ஆயிடும். உங்க வீட்டுக்கு ஒரு பேரு இருக்கிற மாதிரி எங்க ஸ்கூலுக்கும் ஒரு பேரு இருக்கு, இல்லையா?"

நான் எழுந்துகொண்டேன்.

வராந்தாவில் டீச்சர் பின்னாலேயே ஓடி வந்தார். "அடுத்த வாரம் வீடு வீடா கணக்கெடுக்க வர்றாங்க சார். பொண்ணு ஸ்கூலுக்குப் போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பட்டியல்ல பேர் வந்துட்டா, படிப்பை விட்ட பிள்ளைங்களுக்குன்னு நடத்துற இணைப்பு வகுப்புல சீட் குடுப்பாங்க, நேரா பத்தாவது எழுதலாம். பட்டியல்ல இல்லாத பிள்ளைய அங்க எடுக்க மாட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க."

திரும்பும் வழியில் வாயாடி கேட்டாள். "சொல்லிடுவீங்கள்ல?"

"உங்க பெரியப்பா வாக்கு மாறி நீ பார்த்திருக்கியா?"

"நீங்க மாறல பெரியப்பா. நான்தான் ஸ்கூல் மாறிட்டேன். எட்டு மாசமா பஸ்ஸுலயே உட்கார்ந்திருக்கேன், ஊர் வந்தபாடில்ல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

என் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மாப்பிள்ளையின் அப்பா கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் மனைவியோடு வந்து இறங்கினார். "படிச்ச குடும்பம்னு கேள்விப்பட்டுத்தான் வந்தோம். எங்களுக்கு வேற எதுவும் வேண்டாம்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, கணக்கெடுக்கும் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"பதினெட்டு வயசுக்குள்ள யாராவது இருக்காங்களா சார்?"

"ஒருத்தி. தம்பி மக."

"படிக்கிறாங்களா?"

சமையலறை வாசலில் வாயாடி காபித் தட்டோடு நின்றாள். முதல்வர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் மனைவியும் பார்த்தாள். என் மகள் அறைக்குள்ளே கதவை ஒட்டி நிற்பது எனக்குத் தெரியும்.

"வெளியூர்ல படிக்கிறா."

அந்தப் பெண் வாயாடியைப் பார்த்தாள். "இங்க இருக்காங்களே?"

"லீவுக்கு வந்திருக்கா."

எந்தப் பள்ளிக்கும் லீவு இல்லாத மாதம். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதிக்கொண்டாள். கதவு நிலையில் சாக்பீஸால் ஒரு எண் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"பிள்ளைங்க படிப்புல நல்ல கவனம் உங்களுக்கு" என்றார் முதல்வர்.

வாயாடி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அன்றே சம்பந்தம் முடிவாயிற்று.

அவர்களை வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது, அந்தப் பெண் நாலு வீடு தள்ளி நின்று எழுதிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். செருப்பைக்கூட மாட்டிக்கொண்டேன். முதல்வர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குத் தலையாட்டினேன். கார் கிளம்பியபோது தெருவில் யாரும் இல்லை.

உள்ளே வாயாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பை மறுபடியும் பரணுக்குப் போயிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பெரியப்பா, லீவு எப்ப முடியுது?"

"குழாயை மூடு" என்றேன். "தண்ணி வீணாப் போகுது."