அப்பாவுக்குக் கண் சிவந்த நாட்கள்

கண் டாக்டரின் கருவியில் மோவாயைப் பதித்து உட்கார்ந்திருந்தாள். ஒளி இடது கண்ணுக்குள் கூர்மையாக இறங்கியது. தையல் கடையில் ஊசிக்கு நூல் கோக்க முடியாமல்தான் கிளம்பி வந்திருந்தாள். யாரிடமிருந்தோ ஒட்டிக்கொண்ட கண்வலி என்றே நினைத்திருந்தாள்.

"இது தொத்துற கண்வலி இல்லம்மா," என்றார் டாக்டர். "பீளையே இல்ல பாருங்க. கண்ணுக்குள்ள, முன்பக்கம் வீங்கியிருக்கு. அடிபட்டா வரும், சில கிருமியால வரும், காரணமே தெரியாமலும் வரும். காலையில எழுந்திருக்கும்போது முதுகு பிடிச்சுக்குமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "கண்ணுக்கு வந்தா முதுகைக் கேக்கறீங்களே டாக்டர்! எனக்கு அதெல்லாம் இல்ல."

"வீட்டுல வேற யாருக்காவது?"

சிரிப்பு நின்றது.

அப்பா காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். போகப்போக முதுகு இளகிவிடும். மாலையில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார். "வேலைக்குக் கிளம்பறப்ப மட்டும் எங்கேர்ந்துதான் வருமோ இந்த வலி," என்பாள் அம்மா. நடுநடுவே அவருக்கு ஒரு கண் மட்டும் சிவக்கும். வெளிச்சம் ஆகாது. அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு, திரையை இழுத்து மூடி, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுப் படுத்திருப்பார். அண்ணனும் அவளும் திரை இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்து அவருக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு வாத்தியாரை அவள் குதிரைமேல் ஏற்றிவிடுவாள். "அளந்து விடாதடி," என்று அண்ணன் கிள்ளுவான். "சொல்லட்டும்டா. குதிரை என்ன நிறம்மா?" என்று அப்பா குலுங்கிச் சிரிப்பார். அவருக்கு மறுபடி எப்போது கண் சிவக்கும் என்று இருவரும் காத்துக்கிடப்பார்கள். பிற்பாடு அந்தக் கண்ணில் பார்வை மங்கியபோது, வயசாகிவிட்டது என்றார்கள்.

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அவருக்கு முதுகும் கண்ணும் ஒரே நோயா இருந்திருக்கலாம்," என்றார் டாக்டர். "ஒரு மாதிரி வாதம். குடும்பத்துல ஓடும். சீக்கிரம் பாத்தா பார்வையைக் காப்பாத்திடலாம். கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"காலையில உனக்கு முதுகு பிடிக்குதாண்ணா?"

"யாரு சொன்னா? உங்க அண்ணியா?"

"கண்ணு?"

"போன மாசம் சிவந்துச்சு. தானா போயிடுச்சு. ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பாவுக்கு ரொம்ப வலிச்சிருக்கும் இல்ல?" என்று கேட்டான் அண்ணன்.

"ம்."

"நாம பாட்டுக்கு ஆடிட்டிருந்தோம்."

"அவரும்தாண்ணா சிரிச்சார்."

"நாளைக்குக் கிளம்பி வரேன்," என்றான்.

மருந்தில் கண்மணி விரிந்து, தாழ்வாரம் முழுக்க வெள்ளையாகக் கரைந்துகொண்டிருந்தது. ஓர் உருவம் வந்து பக்கத்தில் நின்றது. வேறொரு நோயாளியாக இருக்கலாம்; முகம் தெரியவில்லை. அவள் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள்.