பார்க்க மட்டும்

காலைச் சாப்பாட்டு மேசையில் கொழுந்தனார் தொண்டையைக் கனைத்தார். அவர் கனைத்தால் யாரிடமிருந்தோ ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம்.

"அண்ணி, இன்னையிலேருந்து சர்வர்ல இருக்குற ஃபைலை எல்லாம் நீங்க பாக்கலாம். கை வைக்க முடியாது. கம்ப்யூட்டர்காரர்கிட்ட சொல்லி மாத்திட்டேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் வரைஞ்ச படத்தையா தம்பி?"

"வரைஞ்சது நீங்க. கம்பெனி எங்களது."

மாமனார் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவன் போனப்புறம் உனக்கு எதுக்கும்மா அந்தப் பாரமெல்லாம்? நிம்மதியா உக்காந்து பாத்துக்கிட்டு இரு."

மாடியில் வீடு, கீழே இரும்புப் படிக்கட்டு செய்யும் பட்டறை. அவள் வரைவாள், கணவன் வெல்டிங் வைப்பான். வரைபடங்கள் எல்லாம் சர்வரில் அவன் பெயர் கொண்ட ஃபோல்டருக்குள் இருந்தன. அவன் செத்த நாளிலிருந்தே வீட்டில் அவளுக்கு இந்தச் சட்டம்தான்: பேச்சைக் கேட்கலாம், பேசக் கூடாது; விசேஷத்தைப் பார்க்கலாம், முன்னால் நிற்கக் கூடாது. வாய்மொழியாக இருந்த சட்டத்தைக் கொழுந்தனார் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார், அவ்வளவுதான்.

'நிர்வாக இயக்குநர்' என்று மேசையைவிட அகலமாக ஒரு பெயர்ப்பலகையும் வைத்துக்கொண்டார். இனி வரைவதும் தானே என்றார். அவர் வரைந்தது அந்தப் பலகையின் எழுத்தை மட்டும்.

அன்று மாலை அவள் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது: பேக்கப் டிஸ்க்கில் நகலை எழுத முடியவில்லை, அனுமதி இல்லை. கீழே போய்ச் சொன்னாள்.

"தம்பி, பேக்கப் என் பேர்லதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. என் அனுமதியப் புடுங்கினதுல அது நின்னு போச்சு."

"பாத்தீங்கல்ல? பாக்குறதோட நிறுத்திக்குங்க."

நிறுத்திக்கொண்டாள். எச்சரிக்கை தினமும் வந்தது, தினமும் மூடினாள். பேக்கப் டிஸ்க் சும்மாதானே கிடக்கிறது என்று அதிலிருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, தான் பதவியேற்ற வீடியோவை அதில் அவர் ஏற்றியதையும் பார்த்தாள். பாவம் என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பு நிலைக்கவில்லை. அதன்பின் மனதில் ஊறிய இனிப்பு நிலைத்தது.

கட்டட கான்ட்ராக்டர் பாதியில் நிற்கும் வேலைக்குப் படம் கேட்டு வந்த அன்று, கீழேயிருந்து அலறல் கேட்டது. அவள் இறங்கிப் போனாள்.

நடந்தது இதுதான். அண்ணன் பெயரில் ஃபோல்டர் இருப்பது கொழுந்தனாரின் கண்ணை உறுத்தியிருக்கிறது. தன் பெயரில் புதிதாக ஒன்று திறந்து, எல்லாவற்றையும் அதற்குள் நகலெடுத்துவிட்டு, செத்தவன் ஃபோல்டரை அழித்துவிட்டார். உண்மையில் அவர் நகலெடுத்தது அந்த ஃபோல்டருக்குப் போகும் ஷார்ட்கட்டை. வீட்டைக் காலி செய்கிறேன் என்று வாசல் பலகையை மட்டும் தூக்கிக்கொண்டு போன கதை.

"சர்வர்ல அழிச்சா குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது சார்," என்றார் கம்ப்யூட்டர்காரர். "பேக்கப் இருக்குமே?"

டிஸ்க்கைத் திறந்தார்கள். வீடியோவில் மாலையும் கழுத்துமாகக் கொழுந்தனார் சிரித்தார்.

"அண்ணி! முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னேன். அதுக்கப்புறம் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அதுக்குத்தானே அனுமதி?"

"யோவ், அண்ணிக்கு எல்லா உரிமையும் குடுய்யா! இப்பவே குடு!"

கம்ப்யூட்டர்காரர் தட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். எழுதலாம், திருத்தலாம், அழிக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். உள்ளே ஒன்றுமில்லை. கையில் மிச்சமில்லாதபோதுதான் இந்த வீட்டில் உரிமை தாராளமாகக் கிடைக்கிறது.

கைப்பையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

"கான்ட்ராக்டர் சார், அளவெடுக்க நாளைக்கு நானே வரேன். புதுசா வரைஞ்சு தரேன். ஆனா இந்தக் கம்பெனிக்காக இல்ல, என் பேர்ல."

"யார் பேர்ல இருந்தா என்னம்மா, எனக்குப் படிக்கட்டு வேணும்," என்று அவர் எழுந்தார்.

மாமனார் வாசல்வரை ஓடி வந்தார். "எங்களை நடுத்தெருவுல விட்டுட்டு எங்கம்மா போற? நாங்க என்ன பண்ணுவோம்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"உங்களுக்கு எதுக்கு மாமா பாரமெல்லாம்? நிம்மதியா உக்காந்து பாத்துக்கிட்டு இருங்க."