சவுக்கில் தொங்கிய பழங்கள்

சுபஸ்ரீ அரளிக்காயைத் தின்று இரண்டு நாளாகியிருந்தது. ஆறு வயதுப் பெண். கொல்லையில் சொப்பு வைத்து விளையாடும்போது பொன்னரளிக் காய்களைப் பழமென்று அடுக்கிக் கடை போட்டிருக்கிறாள். வாங்க ஆள் வராததால் தானே கடித்துவிட்டாள். வாந்தி நிற்கவில்லை என்றதும் தாய் மரகதம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரகடம் சாலைக்கு ஓடி, செங்கல் ஏற்றி வந்த லாரியை மறித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தாள்.

டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. "விஷம் இதயத்தப் பிடிச்சிருக்கும்மா. நாடி நாப்பதுக்கு வந்துடுச்சு. மெட்ராசுக்கு அனுப்பினா வழியில தாங்காது. ஊசி போட்டுக்கிட்டே இருக்கோம். இன்னும் ரெண்டு மூணு நாள் தாண்டணும்."

மறைமலை நகரில் ஷிப்ட் முடித்துக் காக்கி உடையோடு வந்த பலராமன், கட்டிலின் கால்மாட்டில் நின்று மகளைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"அந்தச் செடிய வெட்டிப் போடுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்."

"சாமிக்குப் பூவாச்சேன்னுதான்..."

"சாமி வந்து கேட்டாரா உன்ன?"

அவன் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை அந்தப் பூவைத்தான் அவள் தொடுத்து வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு எடுத்துப் போவாள். இப்போது முருகா என்று வாயெடுத்தால் அந்தச் செடிதான் கண்முன் வந்து நின்றது. இரண்டு நாளாக அவளால் வேண்டிக்கொள்ளக்கூட முடியவில்லை.

டிசம்பர் இருபத்து நாலாம் தேதி காலையில் நர்சுகள் கிறிஸ்துமஸ் மரத்துக்காக ஆள் உயரச் சவுக்குக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து, மணல் நிரப்பிய டின்னில் நட்டு, சுபஸ்ரீயின் கட்டிலுக்கு எதிரே நிறுத்தினார்கள். உச்சியில் காகித நட்சத்திரம், கிளைகளில் பஞ்சு. ஞானதீபம் என்ற திருநெல்வேலிப் பக்கத்து நர்சு சிவப்புக் காகிதம் சுற்றிய உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மரகதம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "சவுக்குல ஏது சிஸ்டர் பழம்?"

"ஆப்பிள்க்கா இது. இன்னைக்கு ஆதாம் ஏவாள் நாளு. ஆண்டவர் திங்கக் கூடாதுன்னு சொன்ன பழத்த அவங்க தின்னாங்கல்லா, அந்தக் கதைய முந்தி ஜெர்மனியில நாடகமா போடுவாங்களாம். தோட்டத்துக்கு மரம் வேணும்லா? பனிக்காலத்துல அங்க முக்காவாசி மரமும் மொட்டையா நிக்கும். பச்சையா நிக்கிற மரமாப் பாத்து வெட்டியாந்து பழத்தக் கட்டுவாங்க. அப்படி வந்ததுதான் இதுன்னு சொல்லுவாங்க. நமக்கு இங்க சவுக்குதான் கிடைக்கி."

"தின்னதுக்கு அப்பால இன்னா ஆச்சு?"

"சாவு வந்துச்சு" என்றாள் ஞானதீபம், பாடம் ஒப்பிக்கிற பழக்கத்தில். அதற்குள் பிரசவ வார்டிலிருந்து ஆள் வர, நூலை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

மரகதம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை சில்லென்றிருந்தது. பார்வையை எங்கே திருப்பினாலும் அந்தச் சிவப்பு உருண்டைகளில்தான் போய் நின்றது.

நடுப்பகலில் நாடி முப்பத்து நாலுக்கு இறங்கியது. டாக்டரும் நர்சுகளும் கட்டிலைச் சூழ்ந்துகொண்டு, "தள்ளி நில்லும்மா" என்றார்கள். பின்வாங்கியவளின் முதுகில் சவுக்கின் ஊசி இலைகள் உரசின. திரும்பினாள். கைக்கு எட்டிய உருண்டையைப் பிய்த்துத் தரையில் எறிந்தாள். பிறகு இன்னொன்று. கிளை முறியும் சத்தம் கேட்டு அட்டெண்டர் கோதண்டராமன் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீறே?"

"சாவற புள்ளைக்கு எதிர்ல சாவுப் பழத்தக் கட்டி வுட்டுக் கீறீங்களே, நீங்கல்லாம் புள்ள பெத்தவங்கதானா?"

வார்டு முழுவதும் அவளைப் பார்த்தது. சுபஸ்ரீக்கு ஊசி போட்டு முடித்து வந்த ஞானதீபம், "விடுங்கண்ணே" என்று அவரை அனுப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மரகதமும் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"கதைய நான் பாதியில விட்டுட்டேன்க்கா. தப்புதான்" என்றாள் ஞானதீபம். "அந்த மரத்துல பழம் மட்டும் கட்டல. பின்னால அப்பமும் கட்டுனாங்க. நாங்க கோயில்ல வாங்குவோமே, அந்த அப்பம். அது உயிருக்கு உள்ளது."

"பழத்த எடுத்துட்டாங்களா?"

"எடுக்கல. ரெண்டும் ஒரே மரத்துலதான். அது ஏன்னு சின்னதுல எங்க கோயில் உபதேசியார்ட்ட கேட்டேன். அடிதான் கிடைச்சுது."

"எம் பொண்ணு பொழைக்குமா, அதச் சொல்லு சிஸ்டர்."

"தெரியலக்கா."

இந்த இரண்டு நாளில் வந்தவர்களெல்லாம் கடவுள் இருக்கிறார், ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தெரியவில்லை என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். அவளிடம் சொல்லலாம் என்று மரகதத்துக்குத் தோன்றியது.

"காய் கீழ உதுந்து கெடந்தத நான் பாத்தேன். பெருக்கணும்னு நெனச்சேன். பூவ மட்டும் பறிச்சிக்கினு வந்துட்டேன்."

ஞானதீபம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மரகதம் மரத்தைப் பார்த்துக் கேட்டாள். "அப்பம் எங்க, இதுல காணோமே?"

"பிஸ்கட் கட்டலாம்னுதான் இருந்தோம். எறும்பு வரும்னு விட்டுட்டோம்."

"குடு, நான் கட்றேன்."

நசுங்கிய உருண்டைகளை இருவரும் பொறுக்கினார்கள். நடுவில் ஓட்டை உள்ள வட்ட பிஸ்கட்டுகளை மரகதம் ஒவ்வொன்றாக நூலில் கோத்தாள். பூத்தொடுக்கும் விரல்கள், முடிச்சு தானாக விழுந்தது. அப்படியும் இரண்டு பிஸ்கட் உடைந்தன. உள்ளே வந்த பலராமன் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். பாதி கட்டியான பிறகு, "நானாவது வெட்டியிருக்கணும்" என்றான். அவள் தலையசைத்தாள். எறும்புகள் அன்று மாலையே வந்துவிட்டன.

மறுநாள் முழுவதும் நாடி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பாட்டுப் பாட வந்தவர்கள் வார்டுக்கு வெளியிலேயே நின்று மெதுவாகப் பாடிவிட்டுப் போனார்கள். மரகதம் எதையும் சாப்பிடவில்லை.

இருபத்தாறாம் தேதி காலை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "எழுபத்தி ரெண்டு" என்றார். சுபஸ்ரீ கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"யம்மா, பசிக்குது."

"கஞ்சி மட்டும் குடுங்கக்கா" என்றாள் ஞானதீபம்.

மரகதம் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தாள். அங்கே மண்ணாங்கட்டி என்ற பெரியவர் அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா வேணும்?"

அவள் வாயைத் திறந்தாள். கஞ்சி என்ற ஒரு சொல் வரவில்லை. அவர் இரண்டாவது தடவை கேட்டார், மூன்றாவது தடவையும் கேட்டார். அவள் சட்டியை மேடைமேல் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இந்த நான்கு நாளில் முதன்முறையாக அழுதாள்.