நடையோடு ஒட்டாத பந்து

எங்கள் ஊர்க் கல்லூரியில் பழந்தமிழ் இலக்கியத் துறைதான் கிரிக்கெட் அணியும். வேலையில் சேருகிற அன்றைக்கே ஆளுக்கொரு மட்டை கொடுத்துவிடுவார்கள். ஒருவர் அவுட்டா இல்லையா என்பதை அம்பயர் சொல்வதில்லை. ஓலைச்சுவடிகளை ஆராயும் பதிப்புக் குழு கூடிச் சொல்லும்.

என் வீட்டுக்காரர் கோதண்டம் அங்கே பேராசிரியர். பிள்ளைக்குக் காது குத்துகிற நாளன்று காலையில் ஆடப் போனார். லத்தீன் துறை ஆரோக்கியராஜ் போட்ட பந்தில் நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு தூரத்தில் போய் விழுந்தது. இவர் நகரவில்லை. அந்தப் பந்து இடைச்செருகல், மூல ஓவரில் கிடையாது, பிற்காலத்தில் யாரோ நுழைத்தது என்றார்.

குழு பூதக்கண்ணாடியோடு வந்து பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. தலைவர் முகர்ந்தும் பார்த்தார்.

"நடையோட ஒட்டல. செருகல்தான்."

"அப்ப நான் ஓடி வந்தது, சார்?" என்று ஆரோக்கியராஜ் கேட்டார்.

"அதுவும்தான், தம்பி."

ஆரோக்கியராஜ் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

வீட்டில் காது குத்த வந்த பத்தர் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். என் அண்ணன் மடியில் பிள்ளையை வைக்க வேண்டும், தகப்பன் பக்கத்தில் நிற்க வேண்டும். நல்ல நேரம் முடியப் போகிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கே போனேன்.

"வாங்க, போவோம்."

"கோட்ட விட்டு வந்தா ஸ்டம்பிங் பண்ணிருவாங்க, வடிவு."

"ஸ்டம்பு அங்க படுத்துல்ல கிடக்கு."

"மூலத்துல நிக்குது."

இவரிடம் பேசி ஆகப்போவதில்லை என்று குழுவிடம் போனேன்.

"ஐயா, எங்க வீட்டையும் கொஞ்சம் ஆராய்ஞ்சு சொல்லுங்க. தடுப்பூசி போட்டப்ப நான் இருந்தேன். வயித்தால போனப்ப நான் இருந்தேன். காய்ச்சல்ல தோள்ல போட்டுக்கிட்டு நடந்தது நான். நடுவுல ஒரு ஆளு மட்டையோட வந்து சோறு கேக்குறாரு. இது ஒட்டுதா?"

பூதக்கண்ணாடியில் என்னைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்கள், இவரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்கள்.

"ஒட்டல. தகப்பன் இடைச்செருகல்," என்றார் தலைவர்.

என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. தீர்ப்பின் நடை நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்.

மூலத்தில் உள்ளவர்களை மட்டும் வைத்துக் காது குத்தி முடித்தோம். பிள்ளை கொஞ்சம் அழுதாள். பாயசம் நன்றாக வந்திருந்தது.

சாயங்காலம் இவர் நாட் அவுட்டாக வந்து சேர்ந்தார். செருகலை வெளியே எறியக் கூடாது, பக்கத்தின் அடியில் குறிப்பாகப் போட வேண்டும் என்பது குழுவின் விதி. கூடத்துச் சுவரோரம் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தேன். அதற்குக் கீழே படுத்துக்கொள்கிறார். சின்னத் தட்டில் சாப்பிடுகிறார், சின்னக் குரலில் பேசுகிறார்.

பிள்ளையின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை இப்போது அடிக்குறிப்புக்குப் போடுகிற நட்சத்திரக் குறியாக வைக்கிறேன். அப்பா யாரென்று தெரிய வேண்டியவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்துக்கொள்கிறார்கள்.