கூட்டுத்தொகை ஏழு

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டு கடை வைத்திருந்த சண்முகராசா, தனக்காக யோசிக்க ஓர் எண்சாத்திரக்காரரையும் வைத்திருந்தார். கிளப்பில் இலக்குச் சுடவும் காட்டில் மான் சுடவும் ஒரே ரைபிள் வேண்டும் என்றதும், அவருடைய மைத்துனன் லக்‌ஷன் குண்டளவு 308 கலிபர் உள்ளதை எடுக்கச் சொன்னான். வேர்ஹவுஸில் இரவு ஷிப்ட் செய்யும் லக்‌ஷன் மூன்று வருடமாக அதில்தான் சுடுகிறான்.

“கூட்டினா பதினொண்டு, அதையும் கூட்டினா ரெண்டு வருது. எனக்கு ஆகாது. 223 எடுக்கிறன், ஏழு,” என்றார் சண்முகராசா.

“அத்தான், அது இலக்குக்குச் சரி. பெரிய மானை அதாலை சுடச் சட்டம் விடாது. காயத்தோடை ஓடிப்போய்க் கிடந்து சாகும்.”

“கம்பஸ் படிப்பைப் பாதியிலை விட்டிட்டு வந்தனீ எனக்குப் படிப்பிக்காதை.”

துப்பாக்கி உரிமத்துக்கான விண்ணப்பத்தில் 223 என்றே எழுதினார். மகளின் பிறந்தநாளுக்கு மான் இறைச்சி என்று கடைக்கு வந்த எல்லாரிடமும் சொல்லியும் விட்டார்.

விசாரிக்க வீட்டுக்கு வந்த பொலிஸ் அதிகாரி படிவத்தைப் பார்த்து, பெரிய மானுக்கு ஏன் இந்தக் கலிபர் என்று கேட்டாள். சண்முகராசா லக்‌ஷனைப் பார்த்தார். லக்‌ஷன் தன் தேநீரைப் பார்த்தான். வேறு எதை எழுதட்டும் என்று அவள் பொறுமையாகவே கேட்டாள்.

சண்முகராசா போனை எடுத்தார். “ஐயா, ஏழு வாற வேறை கலிபர் ஏதும் இருக்கோ?”

யாரோடு பேசுகிறார் என்று அவள் லக்‌ஷனைக் கேட்டாள். துப்பாக்கிக் கடைக்காரர் என்று சொல்லியிருக்கலாம். இந்த மனுசனுக்காக ஒரு பொய்யைச் செலவழிக்க அவனுக்கு மனம் வரவில்லை. எண்சாத்திரக்காரர் என்று உள்ளதைச் சொன்னான்.

அவள் எதையும் எழுதாமலே விண்ணப்பக் கோப்பை மூடிக்கொண்டு எழுந்தாள். போனில் ஐயா இன்னும் கூட்டிக்கொண்டிருந்தார்.